இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் இரண்டு கண்மேல் ஆணை. காதால் கேட்டதை எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன். பார்த்ததிலும் நம்பும்படியானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வாசகர் நலன் கருதி விட்டுவிட்டேன்.

லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டுக்குள் நின்று பொத்தானை அழுத்துகிறவர் அல்ல. நின்றுபோன லிஃப்டை ஓட வைக்கிறவர். இருபத்தாறு வருட அனுபவம். லிஃப்ட் முனகுகிற முனகலை வைத்தே அதற்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். ஒருநாள் அடிக்குழியில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு கனவான், ‘வேலை நடக்கிறது, பொத்தானை அழுத்தாதீர்’ என்ற பலகையை நிறுத்தி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, அழுத்தினால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று அழுத்தினார். லிஃப்ட்காரரின் வலது கால் தொடைக்கு நடுவிலிருந்து போயிற்று.

முதலாளி ஒரு டஜன் ஆப்பிளோடு மருத்துவமனைக்கு வந்தார். அதில் ஒன்றைத் தாமே நறுக்கித் தின்றார். “உடம்பப் பாத்துக்க” என்றார். போனவர் போனவர்தான்.

வீட்டில் மனைவி, ஒரே மகள். மகள் நர்ஸ் படிப்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. மூன்று மாதத்துக்குள் அரசாங்க உதவித்தொகை உத்தரவு வந்தால் அவள் படிப்பை முடிப்பாள். வராவிட்டால் நான்காம் மாதம் முதல் தேதி துணிக்கடையில் போய் நிற்பாள். கடையில் சொல்லியும் வைத்தாயிற்று.

“நீ எதுக்கும்மா நிக்கணும்?” என்று லிஃப்ட்காரர் கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “நம்ம வீட்டுல மூணு பேருக்கு அஞ்சு காலுப்பா. அஞ்சுல எது இளசுன்னு பாத்தா என்னுதுதான்.”

அந்தச் சிரிப்பு லிஃப்ட்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாள் காலையிலேயே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உடற்குறை மதிப்பீட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே ஒரு கூடம், ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்ட் ஒன்று. லிஃப்டின் கழுத்தில் ‘பழுது’ என்று பலகை. லிஃப்ட் மூன்று வருடமாக ஓடவில்லையே தவிர, பலகைக்கு வருடாவருடம் புதுப் பெயின்ட் அடித்து நன்றாகவே பராமரித்து வந்தார்கள்.

பெஞ்சில் பெரியவர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வயதுக்கு மீறிய பொலிவு, கூர்மையான மூக்கு, பார்த்தாலே மரியாதை தோன்றும் முகம். அலுவலகத்துக்கு வரும் செய்தித்தாளை அலுவலகத்துக்கு முன்பே படித்துவிடுவதால் அவருக்குப் பேப்பர் பெரியவர் என்று பெயர்.

“புதுசா?” என்றார்.

“ஆமாங்க. மூணாம் மாடிக்கு எப்படிங்க போறது?”

பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்ச்சுவர் அறிவிப்பை வாசித்தார். பொடி எழுத்து. “மூன்றாம் மாடிக்கு ஏற இயலாதவர்கள், ஏற இயலாது என்பதற்கான சான்றிதழை மூன்றாம் மாடியில் பெற்றுக்கொள்ளலாம்.”

“ஏறாம விட்டா?”

“அந்த மூலையில அலமாரி தெரியுதா? ஏறி வராதவங்க ஃபைல் பூரா அதுலதான். ஒவ்வொண்ணுலயும் ‘விண்ணப்பதாரருக்கு அக்கறை இல்லை’ன்னு எழுதியிருக்கும்.”

“உங்களுக்கு என்ன குறைங்க, பெரியவரே?”

“எனக்கு ஒரு குறையும் இல்லப்பா. அதனாலதான் இங்க வர்றேன்” என்றார் பெரியவர், பக்கத்தைத் திருப்பியபடி.

லிஃப்ட்காரர் படிக்கட்டைப் பார்த்தார். அறுபத்தாறு படி. பிறகு லிஃப்டைப் பார்த்தார். கம்பிக்கதவை மெல்ல இழுத்து, விட்டு, காது கொடுத்தார். கதவு மூடிவிட்டது என்று லிஃப்டுக்குச் சேதி சொல்லும் பித்தளைத் தகட்டில் கரி படிந்திருந்தது, அவ்வளவுதான் நோய். தொழில்காரன் சட்டைப்பையில் உப்புத்தாள் இல்லாமல் இருக்குமா? இரண்டு தேய்ப்பு, ஒரு வளைப்பு. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, லிஃப்ட் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிளம்பியது.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது, கண்காணிப்பாளர் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அந்த மாடிக்கு ஊன்றுகோலோடு ஓர் ஆள் வந்து சேர்ந்ததை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

“எப்படிய்யா வந்தீங்க?”

“லிஃப்ட்லதாங்க.”

“அதுதான் ஓடாதே.”

“ஓட வெச்சேங்க.”

“நீங்களேவா?”

“நானேதாங்க.”

கண்காணிப்பாளர் குனிந்து பேனாவை எடுத்து, இந்த மூன்று பதில்களையும் அப்படியே எழுதிக்கொண்டார். நாம் சொல்வதை ஓர் அதிகாரி இவ்வளவு கவனமாக எழுதிக்கொள்கிறாரே என்று லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்து டாக்டர். அவர் அறையில் மேசை ஒன்றுதான். நாற்காலி இரண்டு, ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். டாக்டர் வலது நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். லிஃப்ட்காரரை நிமிர்ந்து பார்க்கவில்லை. படிவம் நிரம்பும்வரை ஆளைப் பார்த்தால் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை.

“வலது முழங்கால்ல வலி இருக்கா?”

“முழங்காலே இல்லீங்க டாக்டர்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா. வலி இருக்கா, இல்லையா?”

“இல்லீங்க.”

“வீக்கம்?”

“இல்லீங்க.”

“மடக்கும்போது சத்தம் கேக்குதா?”

லிஃப்ட்காரர் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் யோசித்துப் பார்த்தார். “கேக்கலீங்க.”

“குடுத்துவெச்சவன்யா நீ. எனக்கு ரெண்டு முட்டியிலயும் கேக்குது.” டாக்டர் பெருமூச்சோடு எழுதினார். இடது முழங்காலில், எல்லாச் சுமையையும் ஒண்டியாகத் தாங்கியதால், கொஞ்சம் தேய்மானம் இருந்தது. அதற்கு எட்டு. “ஆக மொத்தம் எட்டு சதவீதம். நாப்பது வேணும்.”

“டாக்டர், அந்த இன்னொரு காலு... அது இல்லையே, அதுக்கு?”

“இருக்கிற உறுப்புக்குத்தான்பா மார்க் போட முடியும். பரீட்சைக்கே வராதவனுக்கு யாராவது மார்க் போடுவாங்களா?”

நாற்பது நாள் கழித்து உத்தரவு வந்தது. மகள்தான் வாசித்தாள். விண்ணப்பதாரர் எவர் உதவியுமின்றி மூன்றாம் மாடியை அடைந்தார். மூன்று ஆண்டுகளாக ஒரு துறையே சரிசெய்ய முடியாத இயந்திரத்தைத் தனி ஆளாகச் சரிசெய்தார். அவரது வலது முழங்கால் மெச்சத்தக்க நிலையில் உள்ளது. எனவே அவர் தம் தொழிலைச் செய்ய முழுத் தகுதி உடையவர். உதவித்தொகை மறுக்கப்படுகிறது.

“நீங்க எதுக்குங்க அந்த லிஃப்ட்ல கைய வெச்சீங்க?” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “சும்மா கீழ உக்காந்திருக்கக் கூடாதா?”

“கீழ உக்காந்திருந்தா அக்கறை இல்லைன்னு எழுதுவாங்கடி.”

“அப்ப என்னதான் செய்யணும்கறாங்க?”

லிஃப்ட்காரருக்கு அது தெரிந்திருந்தால் செய்திருப்பார்.

முதல் தேதிக்கு ஐம்பது நாள் இருந்தது. லிஃப்ட்காரர் இரவெல்லாம் புரண்டு யோசித்ததில் ஒரு நியாயம் பிடிபட்டது. வேலை செய்ய முழுத் தகுதி என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியானால் அரசாங்கமே ஒரு வேலை கொடுக்கட்டுமே! மறுநாள் லிஃப்டை மறுபடி ஒரு தேய்ப்புத் தேய்த்து மேலே போய்க் கேட்டேவிட்டார்.

கண்காணிப்பாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஐயா, இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் இடம் பதினோரு வருஷமா காலி. தகுதியான ஆளே கிடைக்கல. நாளைக்கே சேந்துக்கங்க. உடல்தகுதிச் சான்றிதழ் மட்டும் டாக்டர்கிட்ட வாங்கிட்டு வந்துடுங்க. சும்மா ஒரு சடங்குதான்.”

டாக்டர் லிஃப்ட்காரரைக் கண்டதும் எழுந்தார். இடது நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வேலைக்கு ஆள் எடுக்கும் படிவங்களுக்கு அந்த நாற்காலி. அந்தப் படிவத்தில் முதல் கேள்வியே வேறு: ஆளை உற்றுப் பார்க்கவும். டாக்டர் உற்றுப் பார்த்தார். அதிர்ந்துபோனார்.

“என்னய்யா இது! ஒரு காலைக் காணோம்!”

“போன தடவையும் இப்படித்தாங்க இருந்துச்சு.”

“அது அந்த நாற்காலி. அங்க எழுதினத இங்க நான் பாக்கக் கூடாது, ரகசியக் காப்பு.” டாக்டருக்கு உண்மையாகவே மனம் இளகிவிட்டது. “இந்த நிலைமையில உன்ன வேலைக்கு அனுப்பினாங்களே, ஈவிரக்கம் இருக்கா அவங்களுக்கு? நீ படுத்து ஓய்வெடுக்க வேண்டியவன்பா. எந்த வேலைக்கும் லாயக்கில்ல. நிரந்தரமா.” சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ஆக, வலது நாற்காலியில் ஆள் பூரண சுகம். இடது நாற்காலியில் எழுந்திருக்கவே கூடாத நோயாளி. இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடிக்குள்தான் லிஃப்ட்காரர் மாட்டிக்கொண்டார்.

கீழே வந்து இரண்டு காகிதத்தையும் பேப்பர் பெரியவரிடம் காட்டினார். பெரியவர் இரண்டையும் கண்ணாடி போடாமலே ஒரே மூச்சில் படித்துவிட்டு, “மேல்முறையீடு பண்ணு. குழுவுல மூணு பேர். இயக்குநர், கண்காணிப்பாளர், அதே டாக்டர்” என்றார்.

“அதே டாக்டரா? எந்த நாற்காலிங்க?”

“அங்க மூணாவது நாற்காலி.”

மேல்முறையீடு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. முதல் தேதி சனிக்கிழமை. ஒன்றரை மாதமாக லிஃப்டைத் தொடுவார் இல்லாததால் அது மறுபடி படுத்திருந்தது. லிஃப்ட்காரர் விடியற்காலையிலேயே வந்து, யாரும் பார்க்காமல், தேய்த்து ஓட வைத்தார். பத்தே முக்காலுக்கு இயக்குநர் வந்தார், பின்னால் கண்காணிப்பாளர், டாக்டர். ஓடுகிற லிஃப்டைக் கண்ட இயக்குநருக்கு முகமெல்லாம் பல். ஏறிக்கொண்டார்கள். லிஃப்ட்காரரும் ஏறினார். வருடாந்தரக் கையெழுத்துப் போடவேண்டியிருந்ததால் பேப்பர் பெரியவரும் நுழைந்துகொண்டார்.

இரண்டாம் மாடி தாண்டியதும் இயக்குநர் கம்பிக்கதவில் சாய்ந்தார். கனமான மனிதர். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றது.

லிஃப்ட்காரருக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கதவின் தகடு அரை விரல்கடை விலகியிருக்கிறது. நிமிர்த்தினால் ஓடும். அவர் கை தானாகவே அதை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

“யாராவது இருக்கீங்களா?” என்று கண்காணிப்பாளர் கத்தினார்.

கீழேயிருந்து ஒரு குரல் பணிவோடு பதில் சொன்னது: “லிஃப்ட் பழுதுங்க! படியில வாங்க!”

இயக்குநர் தம் கைபேசியில் பராமரிப்புப் பிரிவுக்கு அழைத்தார். பக்கத்தில் கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் எடுத்து, “வணக்கம், பராமரிப்புப் பிரிவு, கூடுதல் பொறுப்பு. சொல்லுங்க சார்” என்றார்.

“லிஃப்ட் நின்னுபோச்சுய்யா.”

“எந்த இடத்துல சார்?”

“உன் பக்கத்துலய்யா!”

“மெக்கானிக் இடம் காலி சார். எழுதிப் போட்டிருக்கோம்” என்று சொல்லிக் கண்காணிப்பாளர் மரியாதையாகத் தொடர்பைத் துண்டித்தார்.

பிறகு எல்லோருடைய கண்ணும் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பியது.

“சரி பண்ணுப்பா” என்றார் இயக்குநர்.

“மன்னிக்கணுங்க. நான் எந்த வேலைக்கும் லாயக்கில்லன்னு டாக்டர் ஐயா எழுதியிருக்காருங்க. லாயக்கில்லாதவன் கை வெச்சு ஏதாவது ஆச்சுன்னா?”

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். “அது வேலைக்கு மட்டும்பா. உபகாரமா செய்யலாம்.”

“உபகாரமாத்தாங்க போன தடவையும் செஞ்சேன்.”

இயக்குநருக்குச் சர்க்கரை நோய். காலையில் மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்கிறவர். இருந்தாலும் பதவியின் கௌரவம் பேசச் சொல்லியது. கம்பியைப் பிடித்தபடி பேசினார்.

“தம்பி, இந்த அலுவலகத்தப் பத்தி நீ தப்பா நெனைக்கிற. உதவி குடுக்கறது யாரு வேணாலும் செய்யலாம். தகுதியில்லாதவன் வாங்கிடாம பாத்துக்கறதுதான் கஷ்டம். அதுல நாங்க நூத்துக்கு நூறு. ஆயிரம் பேர் கேட்டாங்க. ஒரே ஒருத்தருக்குத்தான் குடுத்தோம். அதுவும் துளிக்கூடச் சந்தேகத்துக்கு இடமில்லாத கேஸ். மத்தவன்லாம் ஏமாத்தப் பாத்தவன்னுதானே அர்த்தம்? இல்லேன்னா குடுத்திருப்போமே!”

“ரொம்பச் சரி” என்றார் பேப்பர் பெரியவர்.

கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. இயக்குநர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். அந்த வசதி இல்லாத லிஃப்ட்காரர் அதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி,” என்றார் இயக்குநர், குரல் இறங்கி. “எனக்கு ஒரு கஷ்டம். உடம்பு சம்பந்தப்பட்டது. வெளிய சொல்ல முடியாது. உள்ளவனுக்குத்தான் தெரியும். மனுசனா இருந்தா நீயே புரிஞ்சுக்கணும்.”

“சர்ட்டிபிகேட் இருக்குங்களா?” என்றார் லிஃப்ட்காரர்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அப்படித்தான் கேட்பார்கள் என்று பழகியிருந்தார். ஆனால் இயக்குநர் உடைந்துபோனார்.

“குழு கூடியாச்சு! மூணு பேரும் இருக்கோம்! விதியப் பாருங்கய்யா!”

கண்காணிப்பாளரின் கண்ணாடி மேலே மேசையில் இருந்தது. விதிப்புத்தகத்தைப் பேப்பர் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் லிஃப்டின் அழுக்கு விளக்கில் அடிக்குறிப்பு உட்பட வாசித்தார்: குழு அலுவலக வளாகத்துக்குள் எங்கும் கூடலாம். டாக்டர் சுவரில் காகிதத்தை வைத்து எண்பது சதவீதம் என்று எழுதினார். “தொண்ணூறு போடுய்யா, தொண்ணூறு!” என்று இயக்குநர் முழங்காலை முழங்காலோடு இடுக்கிக்கொண்டு கத்தினார். தொண்ணூறு போட்டார். மூன்று கையெழுத்தும் விழுந்தன.

லிஃப்ட்காரர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்து உள்பையில் வைத்தார். மகளின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அது இப்போது குத்தவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, எம்பி, தகட்டை விரலால் நிமிர்த்தினார். லிஃப்ட் கிளம்பியது.

கழிவறைக்குப் போகிற மனிதனும் கழிவறையிலிருந்து வருகிற மனிதனும் ஒருவரே என்று நினைப்பது பெரிய தவறு. திரும்பி வந்த இயக்குநர் முகத்தில் சாந்தம் தவழ்ந்தது. “உத்தரவைக் குடுங்க, முத்திரை வைக்கணும்” என்றார். லிஃப்ட்காரர் கொடுத்தார்.

கண்காணிப்பாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். “சார், ‘இடம்’னு ஒரு கட்டம் காலியா இருக்கு. எங்க வெச்சுக் கையெழுத்துப் போட்டோம்?”

“மூணாம் மாடின்னு போடுங்க.”

“மூணாம் மாடிக்கு வரலையே சார் அப்ப. பொய் எழுதினா தணிக்கையில மாட்டிக்குவோம்.”

“சரி, ரெண்டாம் மாடி.”

“ரெண்டாம் மாடி வேற துறை சார். நம்ம கையெழுத்து அங்க செல்லாது.”

டாக்டர் மெல்ல இடையில் புகுந்தார். “அதவிட முக்கியம் சார், தொண்ணூறு சதவீதம்னு நான் எழுதி மை காயறதுக்குள்ள, என் கண்ணு முன்னாலயே லிஃப்ட ரிப்பேர் பண்ணிட்டானே.”

இயக்குநர் நீண்ட நேரம் யோசித்தார். தம் கையெழுத்தைத் தாமே ரத்து செய்தால் தவறு செய்ததாக ஆகும். அந்த அலுவலகத்தில் தவறு நடப்பதில்லை. நிறைவேற்றினால் இடம் இல்லாத உத்தரவை நிறைவேற்றியதாக ஆகும். கடைசியில் நியாயமான ஒரு முடிவுக்கு வந்தார்: உத்தரவு நிலுவையில் வைக்கப்படுகிறது. இடம் முடிவாகும்வரை விசாரணை வியாழன்தோறும் தொடரும். விண்ணப்பதாரர் ஒரு வியாழன் வராவிட்டாலும் அக்கறை இல்லை என்று கருதி விண்ணப்பம் தள்ளப்படும்.

சனிக்கிழமை மகள் துணிக்கடையில் சேர்ந்தாள்.

அதன்பின் இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. வியாழன்தோறும் லிஃப்ட்காரர் காலையில் வருகிறார், விசாரணைக்கு மேலே போகவேண்டுமே, அதனால் லிஃப்டைச் சரிசெய்கிறார், மேலே போகிறார். ‘இடம்’ பற்றி மேலிடத்திலிருந்து இன்னும் விளக்கம் வரவில்லை என்கிறார்கள், கீழே வருகிறார். அன்று பகல் முழுக்க லிஃப்ட் தேர்போல் ஓடுகிறது. அதிகாரிகள் தங்கள் மாடியேறும் வேலைகளையெல்லாம் வியாழனுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு பைசா செலவில்லாமல் லிஃப்டைப் பராமரித்ததற்காக இயக்குநருக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. மெக்கானிக் இடம் இன்னும் காலிதான். தகுதியான ஆள் கிடைக்கவில்லை.

போன வாரம், வியாழன் மாலை, கடையிலிருந்து மகள் நேரே கட்டடத்துக்கு வந்தாள், அப்பாவைக் கூட்டிப்போக. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். காலை முதல் நின்ற கால். கணுக்கால் இரண்டும் பன்னுபோல் உப்பியிருந்தன. கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்து முடிச்சிட்டிருந்தது. லிஃப்ட்காரர் பார்க்காததுபோல் பார்த்தார்.

“அப்பா,” என்றாள் மகள், அதே பழைய சிரிப்போடு. “வந்ததுதான் வந்தேன், நானும் ஒரு விண்ணப்பம் வாங்கிடட்டுமா?”

லிஃப்ட்காரர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“வாங்குறதா இருந்தா இன்னிக்கே வாங்கிடும்மா. நாளைக்கு லிஃப்ட் ஓடாது.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் கம்பிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். இருவரும் மேலே போனார்கள். இதையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வழக்கமான செய்தித்தாள் என் மடியில் இருந்தது.

நான் இரு கண்ணும் நூறு சதவீதம் தெரியாதவன் என்று அந்த அலுவலகம் கொடுத்த சான்றிதழின் பேரில், பத்தொன்பது வருடமாக உதவித்தொகை வாங்கிவருகிறேன்.